துப்பாக்கி வன்முறையும் மனநோய்ப் பழியும்: அமெரிக்கச் சமயச் சமூகங்களின் பங்கு

அமெரிக்காவில் ஒரு படுகொலைச் செய்தி வெளியான சில மணி நேரத்திலேயே இரண்டு கேள்விகள் எழும். துப்பாக்கி எப்படிக் கிடைத்தது என்பது ஒன்று. சுட்டவருக்கு மனநிலை சரியாக இருந்ததா என்பது மற்றொன்று. முதல் கேள்வி நாடாளுமன்றத்தில் முட்டி நின்றுவிடும். இரண்டாவது தங்குதடையின்றி ஊரெங்கும் பரவும். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் உள்ள சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு வாரம் கழித்துப் பேசிய, துப்பாக்கி உரிமைக்காகக் குரல்கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் நிர்வாகத் துணைத் தலைவர் வெய்ன் லாபியர், மனநோயாளிகளின் பெயர்களைத் திரட்டி நாடு தழுவிய பட்டியல் வைக்க அரசு மறுக்கிறது என்று குற்றம்சாட்டினார். 2017 நவம்பரில் டெக்சஸ் தேவாலயத்தில் நடந்த கொலைகள் துப்பாக்கிப் பிரச்சினை அல்ல, மனநலப் பிரச்சினை என்றார் அதிபர் டொனால்ட் டிரம்ப். 2019 ஆகஸ்டில் எல் பாசோவிலும் டேட்டனிலும் அடுத்தடுத்து நடந்த படுகொலைகளுக்கு மனநோயும் வெறுப்புமே காரணம் என்றும் துப்பாக்கி காரணமல்ல என்றும் அவர் பேசினார்.

இந்த விவாதத்தில் சமயச் சமூகங்களுக்குத் தனி இடம் உண்டு. இறந்தவர்களை அடக்கம் செய்து குடும்பத்தைத் தேற்றுபவர்கள் அவர்கள். மனநோயோடு போராடும் வீட்டார் முதலில் போய் நிற்பதும் பெரும்பாலும் அவர்கள் வாசலில்தான். குண்டு பாய்ந்ததும் சில வேளைகளில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்திலேயே. எனவே மனநோயின் மீது விழும் பழியை அவர்கள் தாங்கிப் பேசுகிறார்களா, துடைக்கிறார்களா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் இரண்டுமே நடந்திருக்கின்றன.

ஆய்வுகள் காட்டுவது

மனநோய்க்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்களில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஸ்வான்சன் முக்கியமானவர். 1990-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, பொதுமக்களிடையே வீடு வீடாக நடந்த பெரிய கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு, கடும் மனச்சோர்வு போன்ற தீவிர மனநோய்கள் அனைத்தும் மாயமாக மறைந்துவிட்டாலும் சமூகத்தில் நடக்கும் வன்முறையில் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே குறையும் என்பது அதிலிருந்து பெறப்படும் கணிப்பு. மீதமுள்ள 96 விழுக்காட்டுக்கு வேறு காரணங்கள் உள்ளன. இளம் வயது, குடி, போதைப்பொருள், முன்பு செய்த வன்முறை, சிறுவயதில் பட்ட அடி உதை, வறுமை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

மனநோயாளிகள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம். சிகாகோவில் தீவிர மனநோயோடு வாழ்பவர்களை ஆராய்ந்த லிண்டா டெப்ளின் குழுவினர், ஓராண்டுக் காலத்தில் அவர்களில் நான்கில் ஒருவர் வன்குற்றத்துக்கு இலக்கானதாக 2005-இல் எழுதினர். பொதுமக்களுக்கு நேர்வதைப் போல 11 மடங்குக்கும் மேலான விகிதம் இது.

நாடுகளை ஒப்பிட்டாலும் இதே முடிவுதான் கிடைக்கிறது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் மனச்சிதைவு நோயும் மனச்சோர்வும் உண்டு. சிகிச்சைக்குப் போகத் தயங்குபவர்களும் உண்டு. அங்கெல்லாம் துப்பாக்கிக் கொலை விகிதம் அமெரிக்காவில் உள்ளதில் சிறு பங்குதான். நோய் எங்கும் ஒன்றாக இருக்க, கொலை மட்டும் ஓரிடத்தில் குவிகிறது என்றால் காரணத்தை நோயில் தேடுவது பொருந்தாது.

ஆனால் மனத்துயரமும் துப்பாக்கியும் உண்மையாகவே சேரும் இடம் ஒன்று இருக்கிறது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தனர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 20,958 பேர். செய்திகளில் பெரிதாகப் பேசப்படும் கூட்டுப்படுகொலைகள் இந்தத் தொகையில் மிகச் சிறு பகுதி. தற்கொலை முயற்சிகளில் பல, நெடுநாள் திட்டமின்றிச் சில நிமிட உந்துதலில் நடப்பவை. உயிர் பிழைத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி கையில் இருந்தால் அந்தப் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மனநோயாளியால் ஊருக்கு ஆபத்து என்று பேசும் விவாதம், ஆபத்தில் இருப்பவர் அவரே என்பதை மறைத்துவிடுகிறது.

பழி எப்படி ஊன்றியது

இந்தப் பழி சட்டத்திலும் ஏறியிருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், நீதிமன்றமோ உரிய அமைப்போ மனத்தகுதியற்றவர் என்று தீர்மானித்தவர்களும், கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று தடுத்தது. 1993-இல் வந்த பிரேடி சட்டத்தின்படி 1998 நவம்பர் முதல் உடனடிப் பின்னணிச் சோதனை முறை நடைமுறைக்கு வந்தது. 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்ட பிறகு, மாநிலங்கள் மனநலப் பதிவுகளை அந்த அமைப்புக்கு அனுப்ப ஊக்கமளிக்கும் திருத்தம் வந்தது. சாண்டி ஹுக் நிகழ்வுக்கு ஒரு மாதத்துக்குப் பின் 2013 ஜனவரியில் நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டம், ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று தோன்றும் நோயாளிகளைப் பற்றி மனநல மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தன் பேச்சு காவல்துறைக்குப் போகும் என்று நினைக்கும் நோயாளி மருத்துவரிடம் வாயைத் திறப்பாரா என்று மனநல அமைப்புகள் அப்போதே கேட்டன.

ஊடகங்களும் தம் பங்கைச் செய்தன. எம்மா மெக்கின்டி குழுவினர் 1995 முதல் 2014 வரை அமெரிக்க ஊடகங்களில் மனநோய் பற்றி வந்த செய்திகளை ஆராய்ந்தனர். அவற்றில் 55 விழுக்காடு, பிறர் மீதோ தன் மீதோ நடத்தும் வன்முறையைக் குறிப்பிட்டன. சுட்டவருக்கு மனநோய் இருந்ததாகச் சொல்லும் செய்தியைப் படித்தவர்களிடம் மனநோயாளிகள் மீதான அச்சமும் விலக்கமும் கூடுவதை 2013-இல் வெளிவந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வு காட்டியது.

பழியைப் பங்கிடுவதிலும் பாகுபாடு உண்டு. வெள்ளையினத்தவர் சுட்டால் அவருடைய மனநிலை அலசப்படும். கறுப்பினத்தவர் சுட்டால் குற்றக் கும்பல் என்ற பெயர் முன்வரும். முஸ்லிம் சுட்டால் பயங்கரவாதம் என்ற பெயர் வரும். ஜொனாதன் மெட்சல், கென்னத் மெக்லீஷ் ஆகிய இருவரும் 2015-இல் எழுதிய கட்டுரை, துப்பாக்கிக் கொலைக்கு மனநோயைக் காரணமாகக் காட்டும் போக்கில் இனமும் அரசியலும் எப்படிக் கலந்திருக்கின்றன என்பதை விரிவாகக் காட்டியது. கறுப்பின, முஸ்லிம் சபைகள் இந்த விவாதத்தை வேறு கோணத்திலிருந்து பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

சமயங்களின் பழைய வரலாறு

மனநோயைப் பாவத்தின் சம்பளமாகவும் பேயின் பிடியாகவும் விசுவாசக் குறைவாகவும் பார்த்த நீண்ட வரலாறு எல்லாச் சமயங்களுக்கும் உண்டு. அமெரிக்கத் திருச்சபைகளும் விலக்கல்ல. எனினும் அதே சபைகளுக்குள் மாற்று மரபு ஒன்றும் இருந்துவந்தது. போர் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட குவேக்கர்கள் 1813-இல் நிறுவி, 1817-இல் பிலடெல்ஃபியா அருகே திறந்த மருத்துவமனை, நோயாளிகளைச் சங்கிலியிட்டுக் கட்டாமல் மரியாதையோடு நடத்தும் முறையைக் கைக்கொண்டது. மனநோய்க்காகத் தானே மருத்துவமனையில் இருந்து மீண்ட போதகர் ஆன்டன் பாய்சன், 1925-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்கு நோயாளிகளிடையே பயிற்சி அளிக்கத் தொடங்கினார். இன்று மருத்துவமனைகளில் பணிபுரியும் ஆன்மிக ஆலோசகர்கள் பெறும் பயிற்சிமுறை அதிலிருந்து கிளைத்தது.

துப்பாக்கியும் மனநோயும் ஒரே வரலாற்றில் சந்தித்த அத்தியாயம் இரண்டாம் உலகப் போரில் எழுதப்பட்டது. மெனோனைட்டுகள், குவேக்கர்கள், பிரதரன் சபையினர் ஆகியோர் மனச்சாட்சியின்பேரில் துப்பாக்கி ஏந்த மறுத்தனர். அவர்களுக்காக, படைப்பணிக்கு மாற்றாக, அரசு குடிமைப் பொதுச்சேவையை ஏற்படுத்தியது. அதில் சேர்ந்த ஏறத்தாழ 12,000 பேரில் 3,000 பேர் அளவில் ஆள் பற்றாக்குறையால் தத்தளித்த மனநல மருத்துவமனைகளுக்கும் மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களுக்கும் அனுப்பப்பட்டனர். பிலடெல்ஃபியாவின் பைபெரி மருத்துவமனையில் அவர்கள் கண்டது நரகம். உடையின்றிச் சிமென்டுத் தரையில் குவிந்து கிடந்த ஆண்கள், இருக்கை என்று ஒன்றுமில்லாத கூடங்கள், நூற்றுக்கணக்கானோரைக் கவனிக்க ஓரிரு பணியாளர்கள். சார்லி லார்டு என்ற குவேக்கர் இளைஞர் மறைத்து வைத்த கேமராவால் இவற்றைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் 1946 மே மாதம் லைஃப் இதழில் வெளியாகி நாட்டை உலுக்கின. அந்த இளைஞர்கள் சேர்ந்து தேசிய மனநல அறக்கட்டளையைத் தொடங்கினர். மெனோனைட் சபையினர் ஊர் திரும்பிச் சொந்தமாக மனநல மருத்துவமனைகளைக் கட்டினர். 1954-இல் கன்சாஸ் மாநிலம் நியூட்டனில் திறக்கப்பட்ட பிரெய்ரி வியூ அவற்றுள் ஒன்று. துப்பாக்கியை மறுத்த கைகளே மனநோயாளியின் மானத்தைக் காக்க முன்வந்தன. இன்றைய முயற்சிகளுக்கு வலுவான முன்னோடி இதுவே.

பொதுவான நிலை அவ்வளவு ஒளிமயமானதல்ல. 2013-இல் லைஃப்வே ஆய்வு நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில், இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 48 விழுக்காட்டினர் ஜெபமும் வேத வாசிப்பும் மட்டுமே தீவிர மனநோயை வென்றுவிடும் என்று கருதினர். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் புராட்டஸ்டன்ட் போதகர்களிடம் விசாரித்தபோது, அவர்களில் 66 விழுக்காட்டினர் சபையில் மனநோயைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை பேசினாலே அதிகம் என்ற நிலை தெரிந்தது. தாமும் ஏதோ ஒரு மனநோயோடு போராடியதாகச் சொன்ன போதகர்கள் 23 விழுக்காடு. தமக்கே நேர்ந்ததைக்கூட பிரசங்க மேடையில் சொல்ல முடியாத மௌனம் அங்கே நிலவியது.

ஒரு மகனின் மரணம்

அந்த மௌனத்தை உடைத்த நிகழ்வுகளில் முக்கியமானது கலிஃபோர்னியாவில் நடந்தது. சாடில்பேக் திருச்சபையை நிறுவிய ரிக் வாரன் நாடறிந்த போதகர். 2009-இல் பராக் ஒபாமா பதவியேற்றபோது தொடக்க ஜெபம் செய்தவர். 2013 ஏப்ரல் 5 அன்று அவருடைய 27 வயது இளைய மகன் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டார். சிறு வயதிலிருந்தே மனநோயோடு போராடியவர் அவர். மருத்துவம், ஆலோசனை, ஜெபம் எதிலும் குடும்பம் குறை வைக்கவில்லை. அந்தத் துப்பாக்கி இணையத்தின் வழியே முறைகேடாக வாங்கப்பட்டது என்றும் அதன் வரிசை எண் அழிக்கப்பட்டிருந்தது என்றும் வாரன் பின்னர் தெரிவித்தார்.

பெரிய போதகரின் வீட்டிலேயே இப்படியா என்ற கேள்வி பல சபைகளைத் தம் நிலையைத் திரும்பிப் பார்க்க வைத்தது. விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் மனநோய் வரும் என்ற எண்ணம் அந்த வீட்டின் முன் நிற்கவில்லை. 2014 மார்ச்சில் வாரனின் திருச்சபை, ஆரஞ்சு மறைமாவட்டக் கத்தோலிக்கத் திருச்சபையோடும் மனநோய்க்கான தேசியக் கூட்டமைப்பின் உள்ளூர்க் கிளையோடும் சேர்ந்து, மனநலமும் திருச்சபையும் குறித்த மாநாட்டை நடத்தியது. அதற்கு முன்பே, 2013 ஜூனில், நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான தென்பகுதி பாப்டிஸ்ட் மாநாடு, மனநோயாளிகளை ஒதுக்கக் கூடாது என்றும் அவர்களுக்குத் தகுந்த மருத்துவ உதவி கிடைப்பதை ஆதரிப்பதாகவும் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது.

இந்த நிகழ்வைத் துப்பாக்கி விவாதத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அந்த இளைஞரால் பிறருக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. நோயும் துப்பாக்கியும் சேர்ந்தபோது இழந்தது அவர் தன் உயிரைத்தான். நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நடக்கும் துப்பாக்கித் தற்கொலைகளில் ஒன்று அது.

வழிபாட்டுத் தலங்களில் பாய்ந்த குண்டுகள்

தாக்குதலுக்கு உள்ளான சபைகளின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தந்தது. 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சின் மாநிலம் ஓக் கிரீக் குருத்வாராவில் ஆறு பேர் கொல்லப்பட்டனர். படுகாயமுற்ற ஏழாமவர் 2020-இல் இறந்தார். சுட்டவர் வெள்ளையின மேலாதிக்கக் குழுக்களோடு தொடர்புள்ளவர். 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டனில் உள்ள எம்மானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் ஆலயத்தில், வேதபாட வகுப்பில் இருந்த ஒன்பது கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். அந்தக் கொலையாளி, தண்டனையைத் தீர்மானிக்கும் விசாரணையின்போது வழக்கறிஞர்களை விலக்கி, தன் மனநிலை பற்றிய சான்றுகள் முன்வைக்கப்படாமல் பார்த்துக்கொண்டார். தன் செயலை நோயின் விளைவாகப் பார்ப்பதை அவரே விரும்பவில்லை. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் ட்ரீ ஆஃப் லைஃப் யூதத் தொழுகைக்கூடத்தில் 11 பேர் கொல்லப்பட்ட வழக்கில், குற்றவாளிக்கு மனச்சிதைவு நோய் இருந்ததாகவும் அதன் விளைவான பிரமைகளே கொலைக்குத் தூண்டியதாகவும் எதிர்த்தரப்பு வாதிட்டது. 2023-இல் நடுவர் குழு அந்த வாதத்தை ஏற்கவில்லை.

இந்த மூன்று சமூகங்களுக்கும் பொதுவான பார்வை ஒன்று உண்டு. வெறுப்பு கற்றுக்கொடுக்கப்படுவது, அதற்கு அமைப்புகளும் எழுத்தும் இணையமும் இருக்கின்றன. அதை மனநோய் என்று பெயரிட்டு ஒதுக்கினால், வெறுப்பைப் பரப்பியவர்கள் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகின்றனர். எந்தத் தீங்கும் செய்யாத கோடிக்கணக்கான நோயாளிகள் கொலையாளியோடு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். அமெரிக்காவில் ஐந்தில் ஒரு வயது வந்தவருக்கு ஏதேனும் ஒரு மனநோய் உண்டு. எந்தச் சபையை எடுத்தாலும் அவர்கள் அங்கே இருக்கைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

2017 நவம்பர் 5 அன்று டெக்சஸ் மாநிலம் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் ஆலயத்தில் நடந்த கொலைகள் சற்றுச் சிக்கலானவை. கருவிலிருந்த சிசுவையும் சேர்த்து அங்கே இறந்தவர்கள் 26 பேர். சுட்டவர் முன்பு ஒருமுறை மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பது உண்மை. ஆனால் அவர் துப்பாக்கி வாங்குவதை ஏற்கெனவே சட்டம் தடுத்திருந்தது. மனைவியையும் குழந்தையையும் தாக்கியதற்காக 2012-இல் இராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்திருந்தது. அந்தத் தீர்ப்பை விமானப்படை பின்னணிச் சோதனைப் பதிவுக்கு அனுப்பவில்லை. 2021-இல் கூட்டாட்சி நீதிமன்றம் நடந்த கேட்டில் 60 விழுக்காட்டுப் பொறுப்பை அரசின் மேல் வைத்தது. வீட்டில் அடித்த வரலாறு அங்கே தெளிவான எச்சரிக்கையாக இருந்தது. நோயின் பெயர் அந்த எச்சரிக்கையை மறைத்தது.

இயக்கங்களும் பிளவுகளும்

துப்பாக்கி வன்முறையை எதிர்க்கும் சமய இயக்கங்கள் பல வகைப்பட்டவை. 2009 ஜனவரியில் பிலடெல்ஃபியாவில் கூடிய, போரை மறுக்கும் அமைதிச் சபைகள், முறைகேடான விற்பனைக்குப் பெயர்போன ஒரு துப்பாக்கிக் கடையின் முன் மறியல் செய்து ஹீடிங் காட்ஸ் கால் என்ற இயக்கத்தைத் தொடங்கின. 2011-இல் கிறிஸ்தவ, யூத, முஸ்லிம், சீக்கிய அமைப்புகள் பல சேர்ந்து துப்பாக்கி வன்முறைத் தடுப்புக்கான பல்சமயக் கூட்டணியை அமைத்தன. சாண்டி ஹுக் நிகழ்வுக்குப் பின் எப்பிஸ்கோப்பல் ஆயர்கள் தனிக் கூட்டமைப்பாகத் திரண்டனர். பின்னணிச் சோதனையை விரிவாக்குதல், துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், ஆபத்தான நேரத்தில் அதைத் தற்காலிகமாக அகற்றுதல் ஆகியவை இவர்களின் பொதுவான கோரிக்கைகள்.

கொலராடோ ஸ்பிரிங்ஸில் மெனோனைட் போதகர் மைக் மார்ட்டின் 2013-இல் தொடங்கிய ராடூல்ஸ் அமைப்பு இன்னும் நேரடியான வழியைத் தேர்ந்தது. வாளைக் கலப்பையாக அடிக்கும் ஏசாயாவின் தீர்க்கதரிசனத்தை அது சொல்லுக்குச் சொல் செயலாக்குகிறது. மனமுவந்து ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகளை முதலில் அறுத்துப் பயனற்றதாக்குகிறார்கள். பிறகு குழலை உலையில் செந்நிறமாகக் காய்ச்சி, பட்டறைக் கல்லில் வைத்து அடித்துக் களைக்கொத்தும் மண்வெட்டியும் ஆக்குகிறார்கள். உறவைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர்கள் சுத்தியலை வாங்கி ஓங்கி அடிப்பதும் உண்டு. கொலையில் இழந்தவர், தற்கொலையில் இழந்தவர் என்ற பேதம் அந்தப் பட்டறையில் இல்லை. வெட்கத்தால் வாய்மூடிக் கிடக்கும் தற்கொலைக் குடும்பங்களுக்குப் பொதுவெளியில் துக்கம் கொண்டாட இடம் கிடைப்பதே இதன் பெரும்பயன்.

மறுபுறம், துப்பாக்கியைச் சொத்தாகவும் உரிமையாகவும் கருதும் சபைகளும் ஏராளம். 2017-இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பில் அமெரிக்கர்களில் 30 விழுக்காட்டினரும் வெள்ளையின இவாஞ்சலிக்கல்களில் 41 விழுக்காட்டினரும் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். இந்தச் சபைகளில் படுகொலையை மனித இதயத்தின் தீமையாக விளக்கும் பிரசங்கம் வழக்கமானது. இந்த விளக்கம் மனநோய்ப் பழியிலிருந்து ஒருவகையில் விலகியே நிற்கிறது. பாவம் எல்லோருக்கும் பொது, நோயாளிக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் நடைமுறையில் தீமை, பேய், பைத்தியம் மூன்றும் ஒரே மூச்சில் பேசப்படுவதால் கேட்பவர் மனத்தில் பழி நோயாளியின் மேலேயே போய்ச் சேர்கிறது. தென்பகுதி பாப்டிஸ்ட் மாநாடு 2018-இல் துப்பாக்கி வன்முறையைக் கண்டித்துத் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. மனநலத்துக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று எனத் தீர்மானங்கள் பிரிந்து நிற்பதால், இரண்டும் கைகோக்கும் தற்கொலை இடையில் விடுபட்டுப்போகும் வாய்ப்பு உண்டு.

சபைகளுக்குள் நடக்கும் பணி

பழியைத் துடைக்கும் வேலையில் பெரும்பகுதி அறிக்கைகளில் நடப்பதில்லை. மனநலக் கோளாறுக்கு எப்போதேனும் உதவி நாடிய அமெரிக்கர்களில் நான்கில் ஒருவர் மதகுரு ஒருவரை நாடியதாக 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மதகுருக்களுக்கோ இதில் பயிற்சி குறைவு. இந்த இடைவெளியை நிரப்பச் சில அமைப்புகள் முயல்கின்றன. 1979-இல் நோயாளிகளின் குடும்பத்தினர் தொடங்கிய மனநோய்க்கான தேசியக் கூட்டமைப்பு, சமயச் சபைகளுக்கென்றே ஒரு வலையமைப்பை நடத்துகிறது. செயின்ட் லூயிஸில் இயங்கும் பாத்வேஸ் டு பிராமிஸ் என்ற பல்சமய அமைப்பு, நோயாளியோடு தோழமையாகப் பழகச் சபையினருக்குப் பயிற்சி தருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2014-இல் சமயத் தலைவர்களோடு கூட்டுமுயற்சி தொடங்கி அவர்களுக்கான வழிகாட்டி நூலை வெளியிட்டது. சிகாகோ பகுதியில் 2010-இல் தொடங்கப்பட்ட கலீல் மையம் இஸ்லாமிய ஆன்மிக மரபையும் நவீன உளவியலையும் இணைத்துச் சிகிச்சை அளிக்கிறது. கத்தோலிக்க ஆயர் பேரவை 2023 அக்டோபரில் தேசிய மனநல இயக்கத்தை அறிவித்தது.

இவற்றின் வேலைமுறை எளிமையானது. வாரந்தோறும் நோயாளிகளுக்காகச் செய்யும் ஜெபத்தில் புற்றுநோயோடும் இதயநோயோடும் மனச்சோர்வையும் இருமுனையக் கோளாறையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறார்கள். மருத்துவமனையில் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தால் அவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கம் அமெரிக்கச் சபைகளில் உண்டு. மனநலப் பிரிவில் சேர்ந்தவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. அங்கும் அதேபோலப் போக வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். நோயிலிருந்து மீண்டவர்களைச் சபை முன் பேச வைக்கிறார்கள். நேரில் பழகுவதே அச்சத்தைப் போக்கும் சிறந்த வழி என்பது களங்கம் பற்றிய ஆய்வுகளிலும் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை.

துப்பாக்கி விவாதத்தோடு இந்தப் பணியை இணைக்கும் கண்ணி, ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைத்தல். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் கம்பிப்பூட்டுகளைச் சபைகள் இலவசமாக வழங்குகின்றன. வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்கும் காலத்தில் துப்பாக்கியை நம்பகமான உறவினரிடம் கொடுத்து வைக்கச் சொல்கின்றன. இதில் துப்பாக்கி வைத்திருக்கும் இவாஞ்சலிக்கல் சபைகளுக்கே வாய்ப்பு அதிகம். துப்பாக்கித் தற்கொலை கிராமப்புறங்களிலும் வயதான வெள்ளையின ஆண்களிடமும் மிகுதி. அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றவர் அரசு அதிகாரியைவிட உள்ளூர்ப் போதகரே. உரிமையைப் பறிக்கிறார்கள் என்ற சந்தேகம் அவர் பேச்சில் எழாது. 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் 988 என்ற மூன்று இலக்க எண்ணில் தற்கொலைத் தடுப்பு உதவி கிடைக்கிறது. வாராந்தர அறிவிப்புத்தாளில் இந்த எண்ணை அச்சிடும் சபைகளும் உண்டு.

தீராத கருத்து வேறுபாடுகள்

சிவப்புக்கொடிச் சட்டங்கள் எனப்படுபவை, தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின்பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்க வழிசெய்கின்றன. 1999-இல் கனெக்டிகட் முதலில் இயற்றியது; இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. கனெக்டிகட்டில் 10 முதல் 20 வரையிலான பறிமுதல்களுக்கு ஒரு தற்கொலை வீதம் தடுக்கப்பட்டதாக 2017-இல் ஸ்வான்சன் குழு மதிப்பிட்டது. நோயின் பெயரைப் பார்க்காமல் நடத்தையைப் பார்ப்பதால், பழி சுமத்தாத சட்டமாக இதைப் பல சமயக் கூட்டணிகள் ஆதரிக்கின்றன. கறுப்பினச் சபைகளில் சிலருக்குத் தயக்கம் உண்டு. மனநெருக்கடியில் இருப்பவர் வீட்டுக் கதவை ஆயுதமேந்திய காவலர் தட்டினால் என்ன நடக்கும் என்ற கேள்வியை அவர்கள் அனுபவத்திலிருந்து எழுப்புகிறார்கள்.

இன்னொரு சங்கடம் நிதியைச் சார்ந்தது. 2022 மே மாதம் டெக்சஸ் மாநிலம் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பின், ஜூன் 25 அன்று இரு கட்சியினரும் ஆதரித்த சட்டம் கையெழுத்தானது. 21 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடுதல் சோதனை விதித்ததோடு, மனநல மையங்களுக்கும் பள்ளிகளுக்கும் பெருந்தொகையையும் அது ஒதுக்கியது. நெடுங்காலமாகப் பட்டினி கிடந்த துறைக்கு வந்த பணத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயினும் படுகொலை நடந்தால்தான் மனநலத்துக்குப் பணம் வரும் என்ற நிலை, இரண்டும் ஒன்றே என்ற எண்ணத்துக்கு உரமிடுகிறது.

சபைகளின் எல்லைகளும் வெளிப்படையானவை. போதகரும் ரபியும் இமாமும் மருத்துவர்கள் அல்லர். நோயின் அறிகுறியைக் கண்டு உரிய இடத்துக்கு அனுப்புவதோடு அவர்கள் பணி முடிய வேண்டும். ஜெபம் போதும், மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் மேடைகள் இன்றும் உயிர்களைப் பலிவாங்குகின்றன. ஒவ்வொரு படுகொலைக்குப் பின்னும் அரசியல்வாதிகள் சொல்லும் இரங்கலும் பிரார்த்தனையும் செயலற்ற சடங்காகிவிட்டன என்ற கசப்பு, நம்பிக்கையாளர்களிடமே பரவியிருக்கிறது.

இத்தனையையும் தொகுத்துப் பார்த்தால், பயனளித்த சமய முயற்சிகள் அனைத்திலும் மூன்று பண்புகள் தென்படுகின்றன. அவை கொலையாளியின் வெறுப்புக்கு வெறுப்பென்றே பெயரிட்டன. நோயின் பெயரை விட்டு, நடத்தையையும் ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தையும் கவனித்தன. மனநோயாளியை ஊருக்கு ஆபத்தானவராகப் பார்க்காமல் சபை காக்க வேண்டிய உயிராகப் பார்த்தன. துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை என்ற கணக்கை ஏற்றுக்கொண்டு, அங்கிருந்து பணியைத் தொடங்கும் சபையே இந்த விவாதத்தில் மனநோயாளிக்கு நியாயம் செய்கிறது. உயிரைக் காப்பாற்றவும் அதற்கே வாய்ப்பு அதிகம்.